கடிதம் எழுத வைக்கிற சிறுவர் புத்தகம்: எதை எடுக்கலாம்?

அல்சூர் வகுப்பு:
பெங்களூரு அல்சூரில் ஞாயிறு தமிழ் வகுப்பு. 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள். நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். கடிதம் எழுதச் சொன்னால் "நலம், நலமறிய ஆவல்" என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. ஆங்கிலப் புத்தகமானாலும் பரவாயில்லை. 1 மணி நேரத்தில் எப்படி நடத்துவது?

நூலகவாசி:
எழுதுகிறவருக்கு ஏதாவது வேண்டும், இல்லையென்றால் கோபமாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாததால்தான் பேனா நிற்கிறது. ட்ரூ டேவால்ட் எழுதி ஆலிவர் ஜெஃபர்ஸ் படம் வரைந்த 'தி டே த கிரேயான்ஸ் க்விட்' (2013) எடுங்கள். டங்கன் என்ற பையனுக்கு அவனுடைய கிரேயான்களே புகார்க் கடிதம் போடுகின்றன. சிவப்புக்குப் பண்டிகை நாளிலும் ஓய்வில்லை. மஞ்சளும் ஆரஞ்சும், சூரியனின் நிறம் யாருடையது என்று சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டன.

மூன்று கடிதம் மட்டும் வாசித்து, தமிழில் சொல்லிக் காட்டுங்கள். முழுக்க வாசித்தால் அதையே காப்பியடிப்பார்கள். பிறகு பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து, அதுவே கடிதம் எழுதுவதாக வைக்கட்டும்: ரப்பர், டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு. எழுதும் முன் மூன்று கேள்விக்கு வாயால் பதில் வரட்டும். யார் மேல் கோபம்? என்ன செய்தார்? என்ன செய்தால் சமாதானம்? அப்புறம் ஆறு வரி போதும். "நான் ஒரு ரப்பர், வெள்ளையாக இருப்பேன்" என்று ஆரம்பித்தால் கட்டுரையாகிவிடும். முதல் வரி "நீ" என்றே தொடங்கட்டும்.

தாள்மடிப்பு:
பதில் கடிதம் வராத வகுப்பு இரண்டாம் வாரமே சலித்துவிடும். 'ஐ வானா இகுவானா' (2004) முழுக்க, இகுவானா என்ற பெரிய பல்லியை வளர்க்க அனுமதி கேட்டு மகனுக்கும் அம்மாவுக்கும் இடையே போகிற துண்டுச் சீட்டுகள்தான். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒரு ஏ4 தாளை நான்காகக் கிழித்துக் கொடுங்கள். மூன்றாம் மாடி வீட்டில் ஆட்டுக்குட்டி வளர்க்க அனுமதி கேட்கட்டும். எதிராளி வெறும் "முடியாது" என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதனால் அனுமதி கேட்பவர் சொன்ன ஒரு காரணத்தை எடுத்து மறுத்தே ஆக வேண்டும் என்பது விதி.

'தி ஜாலி போஸ்ட்மேன்' (1986) பழசாக வாங்கினால் ஒவ்வொரு உறையையும் திறந்து பாருங்கள். பக்கமே உறை, உள்ளே உருவி எடுக்கிற கடிதம். ஆறில் ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். தேவதைக் கதைகளில் வருகிற ஓநாய்க்கு வக்கீல் நோட்டீஸ் வருகிற இடம் அருமை. அதே பாணியில் வடை சுட்ட பாட்டி காக்கைக்கு அனுப்பலாமே.

அல்சூர் வகுப்பு:
நேரு இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள்? எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? தபாலில் போடலாமா?

நூலகவாசி:
நேருவின் கடிதங்கள் (1928) வாசிக்க நல்லவை. மாதிரியாக வைத்தால் பிள்ளைகள் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். முதல் பிரதி பேசுகிறபடியே. "குடுத்தே" என்பதைத் திருத்த அங்கே நிறுத்தினால் அடுத்த வரி வராது.

தாள்மடிப்பு:
இதில் எனக்கு உடன்பாடில்லை. விளிப்பும் "இப்படிக்கு"வும் முதலிலேயே சரியாக வரட்டும், நடுவில் எப்படியும் இருக்கட்டும்.

தபாலுக்கு 50 காசு அஞ்சலட்டை போதும். முகவரிக்கான வலது பாதியில் கடிதம் வழியாமல் நடுவே கோடு போட்டுக் கொடுங்கள். இன்லேண்ட் லெட்டரில் ஸ்டிக்கர், படம் எதுவும் உள்ளே வைக்கக் கூடாது. கடிதம் தமிழில் இருக்கட்டும், முகவரி ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ, பெங்களூருவுக்குள் என்றால் 560 என்று தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடோடு.