மறு: ஜிபியூவுக்காக விட்டுவைக்கும் உள்ளகத்துக்கு என்ன பெயர்?

குழும அன்பர்களுக்கு வணக்கம். தன்னார்வக் கணிமையில், அதாவது நம் கணினியின் ஓய்வை அறிவியல் கணக்குகளுக்குக் கொடுக்கும்போது, ஜிபியூ (வரைகலைச் செயலி) தடையின்றி ஓடுவதற்காகச் சிபியூவின் (மையச் செயலி) ஓர் உள்ளகத்தை (core) வேறு வேலை கொடுக்காமல் விட்டுவைக்கிறோம். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ஏற்கெனவே 'சுமைச் சமநிலை' (load balancing) இருக்கிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

சமநிலை என்றதும் தராசு கண்முன் வந்துவிடுகிறது. ஒரே மாதிரியான பத்து வழங்கிகளுக்கு (server) வேலையைச் சமமாகப் பிரிக்கும் இடத்தில் அது பொருந்தும். தன்னார்வக் கணிமையில் நடப்பது வேறு. என் கணினியையே சொல்கிறேன். போயிங்க் என்ற தன்னார்வக் கணிமை மென்பொருளில் (BOINC; விமான நிறுவனம் அன்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் டேவிட் ஆண்டர்சன் தொடங்கியது) இரண்டு திட்டங்களில் சேர்ந்திருக்கிறேன். புரத வடிவங்களை ஆராயும் ரோசெட்டா சிபியூவில் ஓடுகிறது; துடிப்பு விண்மீன் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் ஜிபியூவில் ஓடுகிறது. எட்டு உள்ளகங்களுக்கும் ரோசெட்டா வேலை கொடுத்தேன். ஒன்றும் வீணாகவில்லை என்ற திருப்தி எனக்கு. ஜிபியூவின் பயன்பாட்டுக் கோடோ மலைப்பாதை போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரோசெட்டாவுக்கு ஏழு மட்டும் கொடுத்தபின் கோடு படுத்துவிட்டது, உச்சியில்.

காரணம் எளிது. ஜிபியூ தானாக எதையும் எடுத்துக்கொள்வதில்லை. தரவை நினைவகத்திலிருந்து அனுப்புவதும், அடுத்த கணக்கை ஏவுவதும், முடிந்ததா என்று பார்ப்பதும் சிபியூவின் வேலை. என்விடியா ஜிபியூ அட்டைகளில் ஓப்பன்சிஎல் (ஜிபியூவைக் கணக்கிட வைக்கும் ஒரு நிரலாக்க முறை) நிரல்கள் ஓடும்போது 'முடிந்ததா, முடிந்ததா' என்று கேட்பதிலேயே ஓர் உள்ளகம் முழுதாகப் போய்விடுவதும் உண்டு. போயிங்க் இதில் ஒரு சின்னக் கண்ணாமூச்சி ஆடுகிறது. ஜிபியூ வேலைக்குப் பக்கத்தில் '0.9 சிபியூ + 1 ஜிபியூ' என்று காட்டும். ஆனால் தேவை ஒன்றுக்குக் குறைவாக இருப்பதால், மற்ற வேலைகளால் எட்டு இடத்தையும் நிரப்பிவிடும். அமைப்புக் கோப்பில் 0.9 என்பதை 1 என்று நாமே மாற்றி எழுதினால்தான் ஏழோடு நிற்கும்.

ஆக, நாம் சமன் செய்யவில்லை. ஓர் ஆளை வேறு வேலைக்கு அனுப்பாமல் பிடித்து வைக்கிறோம். பெயர் அந்த ஆளுக்குத்தான் வேண்டும்.

> 'ஒதுக்கீட்டு உள்ளகம்' எப்படி?

நினைவக ஒதுக்கீடு என்று முன்பே எழுதிவருகிறோம், மோதும். தவிர, நம் ஊரில் ஒதுக்கீடு என்ற சொல்லைப் பார்த்தவுடன் விவாதம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

> 'ஊட்டுக்கரு' அழகாக இருக்கிறது.

முதலில் ஓர் இலக்கணக் குறிப்பு: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல 'ஊட்டுகரு' என்றுதான் வரும். அப்படித் திருத்தினாலும் முட்டையின் மஞ்சள் கருதான் நினைவுக்கு வருகிறது. 'ஊட்டகம்' என்று மாற்றினால் பாதிப் பேர் ஊடகம் என்று படிப்பார்கள். ஜிபியூவுக்குத் தரவை ஊட்டுவது, வராவிட்டால் அது பட்டினி கிடப்பது என்பதெல்லாம் ஆங்கிலத்தார் பிடித்த உவமை. நாமும் அதையே பிடித்துத் தொங்குவானேன்?

எனக்குத் தோன்றியது கட்டட வேலை. கொத்தனார் கரண்டியோடு சாரத்தில் நிற்கிறார். சித்தாளை மணல் சலிக்க அனுப்பிவிட்டார்கள். கலவை வரவில்லை. கூலி ஓடுகிறது, சுவர் எழவில்லை. எட்டு உள்ளகமும் நிரம்பிய கணினி அச்சாக இதுதான். எனவே 'சித்தாள் உள்ளகம்' என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று வந்த மடல் அதைக் கவிழ்த்துவிட்டது:

> 2021 இறுதி முதல் வந்த பல இன்டெல் செயலிகளில் பெரிய உள்ளகம், சிறிய உள்ளகம் என்றே இருவகை உண்டு. 'சித்தாள்', அதாவது 'சிற்றாள்', என்றால் சிறிய உள்ளகம் என்று எடுத்துக்கொள்வார்களே?

மறுக்க வழியில்லை, விட்டுவிட்டேன். வேலையைச் சொல்லி அளவைச் சொல்லாத சொல் ஒன்று வேண்டும். எடுபிடி. எடுத்துக் கொடுப்பதும் பிடித்துக் கொடுப்பதும்தான் அந்த உள்ளகம் நாள் முழுக்கச் செய்கிறது. கொஞ்சம் இளக்காரமான சொல் என்பீர்கள். சிலிக்கான் கோபித்துக்கொள்ளாது.

ஒரு சிக்கல் மிச்சம். சில செயலிகளில் ஓர் உள்ளகமே இரண்டு வேலைகளை ஒருசேரப் பார்க்கும்; அந்த ஒவ்வொரு தடத்துக்கும் இழை (thread) என்று பெயர். நான்கு உள்ளகம், எட்டு இழை கொண்ட செயலியைப் போயிங்க் எட்டு சிபியூ என்றே எண்ணுகிறது. அங்கே நாம் விட்டுவைப்பது உண்மையில் ஓர் இழை, உள்ளகமே அன்று. 'எடுபிடி இழை' என்றால் நிரல் எழுதுவோர் நிரலுக்குள் ஓடும் பகுதிக்குச் சொல்லும் இழையோடு குழம்பும். ஆகவே பின்னால் எதுவும் ஒட்டாமல் வெறும் 'எடுபிடி' போதும் என்கிறேன். முழு ஏற்பாட்டுக்கும் 'பணிப் பங்கீடு' இருக்கட்டும். பங்கு என்றால் சமபங்கு என்று கட்டாயமில்லை. பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உதவிப் பக்கத்துக்கு நான் எழுதிப் பார்த்த வரி இது: 'ஜிபியூ வேலை ஓடும்போது எடுபிடிக்கு ஒரு சிபியூவை விட்டுவையுங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் இரண்டு எடுபிடி.' வாசித்துப் பார்த்து, இடறும் இடத்தைச் சொல்லுங்கள்.