மைக்கா ஒட்டிய பிளைவுட்டில் ஓரம் பெயர்கிறது: ஜிக்சாவின் 0, 1, 2, 3 எதற்கு?

பரண்வாசி:
சமையலறை அலமாரிக்காக, ஒரு பக்கம் வெள்ளை மைக்கா ஒட்டிய 18 மி.மீ. பிளைவுட்டில் குழாய் நுழையத் திறப்பு வெட்டுகிறேன். ஜிக்சாவின் (மேலும் கீழும் ஓடும் மெல்லிய பிளேடு உள்ள மின் ரம்பம்) பக்கவாட்டில் 0 முதல் 3 வரை திருப்பும் சிறு பிடி இருக்கிறது. கையேட்டில் படம் மட்டும் போட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். 3இல் வைத்தால் சரசரவென்று வெட்டுகிறது; ஆனால் கோடு நெடுக மைக்கா செதில் செதிலாகப் பெயர்கிறது. அடுத்து 40 மி.மீ. வேப்பம்பலகையும் 2 மி.மீ. அலுமினியத் தகடும் காத்திருக்கின்றன. எதற்கு எந்த எண்?

சீவல்:
வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

இழைப்புளி:
சீவல் ஐயா, மைக்காவுக்கு அது ஒத்துவராது. மோட்டார் வேகத்தைக் குறைத்துவிட்டு, கருவியை முன்போலவே விரைவாகத் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் பெரிதாகக் கடிக்கும்.

பரண்வாசி, அந்தப் பிடிக்கும் மோட்டார் வேகத்துக்கும் தொடர்பில்லை. 0இல் பிளேடு நேராக மேலும் கீழும் மட்டுமே போகும். எண் கூடக் கூட, மேலே ஏறும்போது பிளேடு முன்னால் பாய்ந்து கடிக்கும். இறங்கும்போது பின்வாங்கித் தூளுக்கு வழிவிடும். வேகமாக வெட்டுவது அதனால்தான், ஓரம் கெடுவதும் அதனால்தான். சாதாரண பிளேடின் பற்கள் மேல்நோக்கியவை. மைக்கா மேல்பக்கம் இருந்தால் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, பிய்த்துக்கொண்டு வரும். மைக்காவைக் கீழே கவிழ்த்து, கோட்டைப் பின்பக்கம் வரைந்து, 0இல் வெட்டுங்கள். மூலைகளில் துளை போட்டுக்கொண்டால் பிளேடு திரும்ப இடம் கிடைக்கும்.

வேப்பம்பலகைக்கு 2, நேர்வெட்டு மட்டும் என்றால். பெரிய பல் பிளேடு போடுங்கள், டி144டி போன்றது. அவசரப்பட்டுத் தள்ளினால் பிளேடு அடியில் வளைந்து, மேலே நேராகவும் கீழே கோணலாகவும் வெட்டு விழும். வளைவு வெட்டுவதானால் 0 அல்லது 1க்கு இறக்கிவிடுங்கள்.

அலுமினியத்துக்கு 0 தான். சீவல் சொன்ன வேகக் குறைப்பு இங்கே பொருந்தும். மெல்லிய தகட்டுக்கான டி118ஏ பிளேடு, அடியில் ஒரு கழிவுப் பிளைவுட், இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப். வெறும் தகட்டை வெட்டினால் படபடவென்று அடித்துக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள்.

பரண்வாசி:
கவிழ்த்து வைத்து 0இல் வெட்டினேன். மைக்கா ஓரத்தில் விரலை ஓட்டினால் தட்டவே இல்லை. பின்பக்கம்தான் கொஞ்சம் பிசிறு, அது சுவர்ப்பக்கம் போய்விடும். ஆனால் கதவுப் பலகையில் இரு பக்கமும் மைக்காவாயிற்றே?

இழைப்புளி:
அங்கே ஒரு பக்கத்தையாவது கத்தியால் காக்க வேண்டும். மேல்பக்கக் கோட்டில் மைக்கா அறுபடும்வரை அழுத்திக் கீறி, கீறலை ஒட்டி, கழிவாகப் போகும் துண்டின் பக்கம் வெட்டுங்கள். பற்கள் கீழ்நோக்கிய டி101பிஆர் பிளேடும் உண்டு. ஆனால் அது கருவியை மேலே தூக்கும், சிதறலைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடும். அதைப் போட்டால் அடிப்பாகத்தை நன்றாக அழுத்திப் பிடியுங்கள், எண் 0ஐ விட்டு நகரக்கூடாது.

சீவல்:
டேப் ஒட்டி வெட்டலாமா?

இழைப்புளி:
ஒட்டலாம். கோடு தெளிவாகத் தெரியும், கருவியின் அடித்தட்டு மைக்காவைக் கீறாது. சிதறலை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை.