நாய் உணவை அள்ளி விழுங்குகிறது: நிதானமாக உண்ணப் பழக்குவது எப்படி?

சிறுமலை அடிவாரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 14 மாதம் நிரம்பிய ராஜபாளையம் ஆண் நாய் ஒன்று உள்ளது. பெயர் வீரா; எடை 27 கிலோ. காலையில் ஒரு கைப்பிடி உலர் உணவும், மாலை ஆறரை மணிக்கு, கோழிக்கறி வெந்த நீரில் குழைத்த சோறும் கறித்துண்டுகளுமாக முழு உணவும் வைக்கிறோம். தட்டைத் தரையில் வைத்ததும் தலையைக் கவிழ்த்தால், ஒரு நிமிடம் ஆவதற்குள் தட்டு கழுவி வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. வாரத்தில் மூன்று நாளாவது, தின்று முடித்த ஐந்து நிமிடத்திற்குள் உள்ளே போனதை அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. பருக்கைகள் சிதையாமல் இருக்கும். நாங்கள் துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் அதையே மறுபடியும் தின்றுவிடும்.

குட்டியாக இருந்தபோது எட்டுக் குட்டிகள் ஒரே தாம்பாளத்தில் தின்று வளர்ந்ததாக, வளர்த்துக் கொடுத்தவர் சொன்னார். ஆறு மாதங்களுக்கு முன்பு தெருவில் அடிபட்டுக் கிடந்த செவலை என்ற பெண் நாயையும் எடுத்து வளர்த்து வருகிறோம். இரண்டிற்கும் திண்ணையில்தான் அடுத்தடுத்துத் தட்டு வைப்போம்.

தடுப்புகள் உள்ள பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். சோறு இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு, மறுநாளே புளித்த வாடை வந்தது. மூன்றாம் நாள் வீரா அதைக் கவிழ்த்து விளிம்பையும் கடித்துவிட்டது. “நாய் என்றால் அப்படித்தான் தின்னும்” என்று என் தந்தையார் சொல்கிறார். ஆனால் நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து வரும் என்று படித்ததிலிருந்து எனக்கு மனம் அமைதிப்படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

காரைக்குடி வாசகி:

எங்கள் லாப்ரடாரும் இதே போல்தான் இருந்தது. எனக்குக் கைகொடுத்தது பரணில் கிடந்த பழைய இரும்புப் பணியாரக்கல். சோற்றை ஒவ்வொரு குழியிலும் விரலால் அழுத்தி நிரப்பிக் கீழே வைத்தால், ஒவ்வொரு குழியாக நக்கி நக்கித்தான் எடுக்க முடியும். இரும்பின் கனத்தால் கல் நகராது, கவிழாது. ஒட்டாப் பூச்சு உள்ள கல் வேண்டாம். பல் பட்டுப் பூச்சு உரிந்து வயிற்றுக்குள் போகும். கழுவியவுடன் ஈரம் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவி வைத்தால் துருப்பிடிக்காது. பணியாரக்கல் இல்லாவிட்டால் பெரிய இட்லித் தட்டும் உதவும். ஆனால் அது இலேசாக இருப்பதால் அடியில் ஈரச் சாக்கு விரிக்க வேண்டும்.

உலர் உணவுக்கு இதுவும் தேவையில்லை. பழைய துண்டை விரித்து, அதன்மேல் உணவைத் தூவி, பாய்போல் சுருட்டிக் கொடுங்கள். மூக்கால் தள்ளித் தள்ளிப் பிரித்துத் தேடித் தின்னும். துணியைக் கடித்து விழுங்கும் பழக்கம் உள்ள நாயாக இருந்தால் மட்டும் இதைத் தவிர்த்து, சுத்தமான முற்றத்தில் தூவிவிடலாம்.

தட்டின் நடுவே கூழாங்கல் போடச் சொல்வார்கள். நானும் போட்டேன், அதைக் கடித்து எங்கள் நாயின் கோரைப்பல் நுனி உடைந்தது. ஆகவே அதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

தாமிரபரணி:

தட்டை ஒரு முக்காலியின்மேல் வைத்துப் பாருங்கள். கழுத்து நிமிர்ந்திருந்தால் காற்று உள்ளே போகாது என்று சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

கேள்வி கேட்டவர் கவனித்து எழுதியிருப்பதால் விளக்கம் சொல்வது எளிதாகிறது. வயிற்றுத் தசைகள் குலுங்கி, ஓங்கரித்து வெளியேறுவது வாந்தி; எந்த முயற்சியும் இன்றி, தின்ற சிறிது நேரத்தில், செரிக்காத உணவு அப்படியே வெளிவருவது எதுக்களித்தல். நீங்கள் விவரிப்பது இரண்டாவதைப் போல் தெரிகிறது. அவசரமாக விழுங்கும் இளம் நாய்களில் இது அடிக்கடி காணப்படுவதுதான். என்றாலும், உணவுக்குழாயில் விரிவோ அடைப்போ இருந்தாலும் இதே குறி தோன்றும் என்பதால், வேகத்தைக் குறைத்த பின்பும் தொடர்ந்தாலோ, எடை குறைந்தாலோ, இருமல் சேர்ந்தாலோ ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

தந்தையார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நாயின் தாடை மேலும் கீழும்தான் அசையும். நம்மைப்போலப் பக்கவாட்டில் அரைக்க அதனால் இயலாது. 42 பற்கள் இருந்தும், அவை கிழிப்பதற்கும் நறுக்குவதற்கும் ஏற்றவையே. எனவே மெல்லாமல் விழுங்குவது நோயல்ல. உணவோடு சேர்த்து விழுங்கும் காற்றும், ஒரே வேளையில் நிரம்பும் பெருமளவு உணவும்தான் கவலைக்குரியவை. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய, ஆழ்ந்த நெஞ்சுடைய நாய்களில் இரைப்பை காற்றால் உப்பித் தன்னையே முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. ராஜபாளையமும் அவ்வகை உடலமைப்புள்ள நாய்தான். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் பெரிய இன நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வேகமாக உண்பது அபாயத்தை உயர்த்தும் காரணங்களில் ஒன்றாக இடம்பெற்றது. உயரத்தில் வைக்கப்பட்ட தட்டும் அதே பட்டியலில் இருந்தது. ஆகவே தாமிரபரணி அவர்கள் சொல்லும் முக்காலியை, கழுத்து வலியோ உணவுக்குழாய்க் கோளாறோ உள்ள நாய்க்கு மருத்துவர் சொன்னால் மட்டும் பயன்படுத்துவது நல்லது.

மாலை உணவை மூன்றாகப் பிரித்துக் காலை, பிற்பகல், இரவு எனக் கொடுங்கள். மூன்று வேளை இயலாவிட்டால் இரண்டு வேளையாவது வேண்டும். கறியை ஒன்று, சோற்றோடு கலக்கும்படி உதிர்த்துவிடுங்கள். அல்லது கடித்துத்தான் தின்ன முடியும் என்ற அளவில் பெரிதாகக் கொடுங்கள். இடைப்பட்ட அளவுத் துண்டுதான் தொண்டையில் சிக்கும். வெந்த எலும்பு எந்த அளவிலும் ஆகாது. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள்.

பசி திடீரெனக் கூடியிருந்தால் காரணத்தையும் தேட வேண்டும். குடற்புழு நீக்க மருந்து மூன்று மாதத்திற்கு ஒரு முறை கொடுக்கப்படுகிறதா? அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் போகிறதா? அதுவும் பசியைத் தூண்டும். மலத்தை ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.

இதையும் வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவையுங்கள்: வயிறு உப்பி இறுகியிருக்க, நாய் வாந்தி எடுக்க முயன்றும் நுரையும் எச்சிலும் தவிர எதுவும் வராமல், படுக்க முடியாமல் அலைந்தால், அது இரைப்பை முறுக்கமாக இருக்கலாம். அந்நிலையில் ஓம நீர், சோடா, எண்ணெய் என்று எதையும் வாயில் ஊற்றாமல், அந்த நொடியே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து இழந்தவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

கரிசல்காட்டான்:

மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. இரண்டு சிப்பிப்பாறை நாய்களை வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்று மட்டும் கேட்கிறேன். வீராவின் வேகம், செவலை வந்த பிறகு கூடியதா? எட்டுக் குட்டிகளோடு முண்டியடித்து வளர்ந்த நாய், பக்கத்தில் இன்னொரு வாய் இருக்கும்போது நிதானமாகத் தின்னும் என்று எதிர்பார்க்க முடியாது. தெருவில் பசித்துக் கிடந்த செவலைக்கும் அதே பயம் இருக்கும். திண்ணையில் ஒன்றையும், கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் மற்றொன்றையும் வைத்துப் பாருங்கள். ஒன்றின் கண்ணில் மற்றொன்று படக்கூடாது என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று. அவசரத்தைக் குறைப்பதாக நினைத்து, தின்னும்போது தட்டை இழுப்பதோ, நடுவில் கையை விடுவதோ வேண்டாம். பிடுங்கிக்கொள்வார்கள் என்ற எண்ணம்தான் அதன் அவசரத்திற்கே காரணம். அதை நாமே உறுதிப்படுத்தினால் உறுமலும் கடியும் வரும். பக்கத்தில் போக வேண்டியிருந்தால் ஒரு துண்டுக் கறியைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நாம் வருவது எடுப்பதற்கல்ல, கொடுப்பதற்கே என்று அது புரிந்துகொள்ளும்.

சிறுமலை அடிவாரம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்திற்குப் பொறுத்தருள வேண்டும். மலப் பரிசோதனையில் புழு முட்டை எதுவும் இல்லை. உணவை மூன்று வேளையாக்கினோம். பணியாரக்கல்லில் வைத்த முதல் நாள், செவலையும் திண்ணையிலேயே இருந்ததால், வீரா குழிகளைப் பிறாண்டிக்கொண்டே உறுமியது. மூன்று நிமிடம் ஆனது என்றாலும் பார்ப்பதற்குப் பாவமாக இருந்தது. மறுநாள் கரிசல்காட்டான் ஐயா சொன்னபடி செவலையைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, சோதித்துப் பார்ப்பதற்காகவே பழைய எவர்சில்வர் தட்டில் வைத்தேன். அந்தத் தட்டிலேயே இரண்டு நிமிடத்திற்கு மேல் தின்றது. நடுவில் ஒரு முறை தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கவும் செய்தது. இதுவரை அது உணவின் நடுவே தலையை நிமிர்த்தி நான் கண்டதே இல்லை.

இப்போது பணியாரக்கல்லும் தனியிடமுமாகச் சேர்ந்து ஆறு நிமிடம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் ஒரே ஒரு முறைதான் எதுக்களித்தது. உறவினர் வந்திருந்த அன்று, கதவு திறந்து கிடந்ததில் செவலை திண்ணைக்கு வந்துவிட்டது. அன்று முதல் பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளை என் தந்தையாரே போடுகிறார். இரண்டும் தின்று முடித்துப் பத்து நிமிடம் ஆன பிறகே திறக்கிறார்.