புதுப்பிப்பு: ஆர்எக்ஸ்-8 எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறோம்

போன மாதம் கேட்டிருந்தேன்: என் 2005 மாஸ்டா ஆர்எக்ஸ்-8 சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவதில்லை. அதன் ரோட்டரி எஞ்சினை (பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் வகை) பிரித்துக் கட்டுவதா, வழக்கமான பிஸ்டன் எஞ்சினுக்கு மாறுவதா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவெடுத்தாயிற்று.

முதலில் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்த்தோம். சாதாரண மீட்டர் இதற்கு உதவாது. ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். 680 கிலோபாஸ்கலாவது இருக்க வேண்டும். பின் ரோட்டரில் ஒரு முகம்கூட 600ஐத் தொடவில்லை.

பட்டர்வொர்த்தில் தெரிந்த அண்ணன் ஒருவர்தான் பிரித்தார். ரோட்டரின் முனையில் காற்று கசியாமல் தடுக்கும் ஏபெக்ஸ் சீல் ஒன்றை எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். 80 மில்லிமீட்டர் நீளப் பட்டை, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. "நடுவுல எண்ணெய் பத்தல தம்பி," என்றார். 2009 மாடலில் ரோட்டருக்கு மூன்றாவது எண்ணெய்க் குழல் வந்ததும் இந்தக் குறைக்காகத்தான். ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங்கின் உட்புறத்தை நகத்தால் வருடிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. அப்போது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது! ஹவுசிங் போயிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும்.

எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனை, வயரிங் வேலை என்று எல்லாம் சேரும். அதைவிட, முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக உட்காரும் இந்தச் சின்ன எஞ்சினால்தான் வண்டி வளைவில் அப்படித் திரும்புகிறது. அதை இழக்க மனமில்லை.

சரி, சீல்களுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களையும் சேர்த்தே மாற்றுகிறோம். கட்டி முடித்ததும் கம்ப்ரெஷன் அளவுகளைப் போடுகிறேன்.