மாணவர் கலைக் கண்காட்சிக்குச் சுவரொட்டி செய்த அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

மாணவர் கண்காட்சிக்குச் சுவரொட்டி செய்யும்போது யாரை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியே போதும். அவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். காட்சிக்கூடத்தின் வாசலைத் தாண்டி இதுவரை உள்ளே வராதவருக்காகத்தான் சுவரொட்டி தேவைப்படுகிறது. பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியாகும். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த அந்த வளாகத்தை நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்கிறவர்களிடம் கேட்டால், உள்ளே நம்மை விடுவார்களா என்றுதான் பலரும் திருப்பிக் கேட்கிறார்கள். கலைக்கும் தங்களுக்கும் நடுவே ஒரு கதவு சாத்தியிருப்பதாக அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதுமே வருத்தம் தருவது.

நான் உடனிருந்து உதவிய அச்சுக்கலை மாணவர்களின் கண்காட்சியில், வழக்கம்போல, யாருடைய படைப்பைச் சுவரொட்டியில் போடுவது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. எல்லோருடைய படங்களையும் சிறு சிறு கட்டங்களாக அடுக்கிவிடலாம் என்பதே பெரும்பாலோரின் யோசனை. அப்படி ஒன்றைச் செய்து, தாளில் எடுத்து, நடைவழியின் ஒரு கோடியில் ஒட்டிவிட்டு மறு கோடியில் நின்று பார்த்தோம். எந்தப் படமும் படமாகத் தெரியவில்லை. நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கி நின்றன. எனவே படமே வேண்டாம், எழுத்துகளையே மாணவர்கள் லினோவில், அதாவது செதுக்கி மை தடவி அச்செடுக்கும் மென்மையான லினோலியத் தகட்டில், செதுக்கட்டும், ஆளுக்கு ஒரு சொல் என்று முடிவாயிற்று. யாருடைய படமும் இல்லை. ஆனால் எல்லோருடைய கையும் பட்டிருக்கும்.

தமிழ் இதழ்களின் தலைப்புகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் ஓவியர் கே.எம். ஆதிமூலம் எழுதிய எழுத்துகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு மாணவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். லினோவில் எழுத்தை இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதால், டிரேசிங் தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்துப் படியெடுத்துக்கொண்டார்கள். அதைவிடக் கடினமாக இருந்தது புள்ளிதான். ‘கண்காட்சி’ என்ற ஒரே சொல்லில் இரண்டு புள்ளிகள் வருகின்றன. சுற்றியுள்ள பரப்பை உளியால் நீக்க நீக்க, அச்சாக வேண்டிய புள்ளி தனித்த சிறு மேடாக நின்று, கை சற்று அழுந்தினாலும் பெயர்ந்து வந்துவிடும். ஆகவே வட்டப் புள்ளியைக் கைவிட்டு, அடிப்பக்கம் அகன்ற சதுரப் புள்ளியாகத் தடிமனாக விட்டார்கள். அச்சில் பார்த்தபோது அந்தச் சதுரப் புள்ளிகளே அந்தச் சுவரொட்டியின் முகமாகிவிட்டன. வரி இடைவெளியும் இதே போன்றதுதான். மேல் வரியில் உள்ள ‘னு’வின் வால் கீழே இறங்கும், கீழ் வரியில் உள்ள ‘ண்’ தன் புள்ளியை மேலே தூக்கி நிற்கும். ஆங்கில எழுத்துக்கு வைக்கும் இடைவெளியையே தமிழுக்கும் வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். அச்செடுத்த தாளை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, மை சரியாகப் படியாத இடங்களையும் அப்படியே விட்டுவிட்டோம். அவற்றைச் சீர்செய்திருந்தால் கையால் செய்த தடமே போயிருக்கும்.

‘எல்லோரும் வரலாம், கட்டணம் இல்லை’ என்ற வரியைத் தேதியைவிடப் பெரியதாக வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அது கண்காட்சியின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று ஒரு பேராசிரியர் கருதினார். நீண்ட பேச்சுக்குப் பிறகு இசைந்தார். சிறப்பு விருந்தினர், முன்னிலை, வாழ்த்துரை என்று நீளும் பெயர்களை அழைப்பிதழுக்கு மாற்றியதும் அந்த வரிக்கு இடமும் கிடைத்தது. தேதியோடு கிழமையைச் சேர்த்தோம், அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தின் பெயரையும் எழுதினோம். கண்காட்சிக்கு வந்தவர்களில் பக்கத்துத் தெருவின் உதிரிபாகக் கடை ஊழியர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மாணவரிடம், “இது ரப்பர் ஸ்டாம்ப் மாதிரிதானே தம்பி, இவ்வளவு பெரிசா எப்படிச் செதுக்குனீங்க?” என்று கேட்டு, உளியை வாங்கித் தானே ஒரு துண்டில் செதுக்கிப் பார்த்தார்.

கும்பகோணத்திலிருந்து:

லினோ எழுத்து நல்ல வழிதான், ஐயா. ஆனால் சிற்ப மாணவர்களின் கண்காட்சிக்குப் படம் இல்லாமல் முடியாது என்பது என் அனுபவம். சுடுமண்ணும் கல்லும் உலோகமும் எழுத்தில் தெரிவதில்லை. யாருடைய சிற்பம் என்ற அதே சிக்கல் எங்களுக்கும் வந்தது. உலோகத் தகடு கொண்டு அச்சிடும் ஆஃப்செட் முறையில் அச்சிடுவதாக இருந்தால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனித் தகடு எடுக்க வேண்டியிருப்பதால் ஒரே படத்தோடு நின்றிருப்போம். எங்களுக்குத் தேவைப்பட்ட படிகள் குறைவு என்பதால் டிஜிட்டல் அச்சுக்குப் போனோம். அதில் தகடு கிடையாது, எத்தனை வடிவங்கள் இருந்தாலும் ஒரு படியின் விலை ஒன்றுதான். எனவே எழுத்துகளின் அமைப்பை மாற்றாமல், மாணவர் ஒவ்வொருவருக்கும் அவருடைய சிற்பத்தோடு ஒரு சுவரொட்டி வந்தது. கடைத்தெருவில் நடந்து போகிறவர் முதலில் ஒரு முகத்தையும், அடுத்த கடையில் ஒரு காளையையும், அதற்கடுத்து ஒரு பானையையும் பார்த்தபோது, உள்ளே இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கும் ஆவல் பிறந்தது.

சிற்பத்தைப் படமெடுக்கும்போது கேமராவின் பிளாஷை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். நேரெதிரே விழும் ஒளியில் களிமண்ணில் பதிந்த விரல் தடங்கள் மறைந்துவிடும். பக்கவாட்டு ஒளியில் அவை ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். படத்தின் கீழே மாணவரின் பெயர், படைப்பின் தலைப்பு, ஊடகம், ஆண்டு ஆகியவற்றைத் தவறாமல் போடுங்கள். படைப்பின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பயன்படுத்துவதானால் செய்தவரிடம் முதலில் கேளுங்கள். மாணவர்தானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. தன் பெயரை அச்சில் முதன்முதலாகப் பார்க்கும் வயது அது.

மதுரையிலிருந்து:

அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். எங்களிடம் வரும் கோப்புகளில் மிகுதியாகச் சிதைந்து வருவது ‘காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை’ என்ற வரிதான். காலை, மாலை, வரை என்ற மூன்று சொற்களிலும் ஐகாரக் குறி இருக்கிறது. இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்காத மென்பொருளில் அந்தக் குறி எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில் செய்கிறவர்கள், அதில் உள்ள வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற எழுத்துக்கோப்பு அமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் இது நேராது. பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத எங்கள் கணினியில் வரி முழுவதும் ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கும். மெய்ப்புப் பார்த்து முடித்த பிறகு எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிப் பிடிஎஃப் கொடுத்தால் இரண்டு தொல்லைகளும் தீரும். திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியங்களின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் ஆர்ஜிபி முறையில் (சிவப்பு, பச்சை, நீல ஒளியின் கலவையில்) ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் அப்படியே வருவதில்லை. மங்கும், சில நீலங்கள் ஊதாவாகச் சாயும். ஓவியர் கலந்த நிறத்துக்கு இது அநியாயம் என்பதால், மொத்த அச்சுக்கு முன் ஒரு படி எடுத்து, மூல ஓவியத்தின் அருகில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஏ3 அளவு 297க்கு 420 மில்லிமீட்டர். வெட்டுவதற்காக நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுக் கொடுங்கள்.

எங்கே ஒட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; கண்ட சுவரிலும் பசை தடவிவிட்டு மாணவர்கள் அலைய நேரக் கூடாது. தேநீர்க் கடை, புத்தகக் கடை, நூலகம், மாணவர் விடுதி ஆகிய இடங்களில் உரியவரைக் கேட்டுவிட்டு உள்ளே ஒட்டினால் மழையில் நனையாமல் கண்காட்சி முடியும் வரை நிற்கும். கைபேசிக்கு அனுப்ப அதே கோப்பைச் சுருக்காமல், பேருந்து நிறுத்தம், நாள், நேரம் ஆகிய மூன்றையும் பெரிதாக்கி 1080க்கு 1920 பிக்சல் அளவில் தனியாக ஒன்று செய்துகொண்டால், பார்க்கிறவர் விரலால் விரித்துப் படிக்க வேண்டியதில்லை.