கால்சியம் அயனியின் நீரேற்ற என்தால்பி: விடை 378 தள்ளி வருகிறது

கேள்வி:
ஹெஸ் விதிச் சுற்றில் (எந்த வழியில் போனாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே என்ற விதி) கால்சியம் அயனியின் நீரேற்ற என்தால்பி, அதாவது ஒரு மோல் வாயு அயனி நீரில் சேரும்போது வரும் வெப்ப மாற்றம், கண்டுபிடிக்க வேண்டும். கொடுத்த தரவு (எல்லாம் கிலோஜூல்/மோல்): நீரற்ற கால்சியம் குளோரைடு நீரில் கரையும் கரைசல் என்தால்பி −83, வாயு அயனிகள் சேர்ந்து படிகம் உருவாகும் படிகக்கூடு என்தால்பி −2258, குளோரைடு அயனியின் நீரேற்றம் −378. எனக்கு −1963 வருகிறது, விடைக்குறிப்பில் −1585. படிகக்கூட்டின் குறியை மாற்றிப் பார்த்தால் +2553. எங்கே தப்பு?

பதில் 1:
குறியில் கை வைக்காதீங்க, அது முதலிலேயே சரி. வித்தியாசம் சரியாக 378 இருக்கு பாருங்க. ஒரு குளோரைடு விட்டுப்போச்சு.

திண்மத்தை வாயு அயனிகளாகப் பிரிக்க +2258. அந்த அயனிகள் நீரேற, கால்சியத்துக்கு x, குளோரைடுக்கு 2 × (−378) = −756. நேர்வழியில் கரைந்தால் −83. ஆக,
−83 = 2258 + x − 756
x = −1585

சுற்று வரையும்போது வாயு அயனி வரியில் "கால்சியம் 1, குளோரைடு 2" என்று எண்ணிக்கையோடு எழுதிடுங்க. இன்னொன்று: இந்த அயனிகளின் நீரேற்றம் வெப்பம் உமிழ்வதுதான். +2553 மாதிரி வந்தால் படிகக்கூடு அம்பு தலைகீழாக இருக்கு.

கேள்வி கேட்டவர்:
புரிஞ்சது, நன்றி. ஆனால் வேறொரு அட்டவணையில் கால்சியத்துக்கு −1579 போட்டிருக்கே?

பதில் 1:
அதில் குளோரைடு −381 என்று இருக்கும், பாருங்க. சுற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது −2341 என்ற மொத்தம் மட்டும்தான். தனி அயனியின் மதிப்பை நேரடியாக அளக்க வழியில்லை. ஹைட்ரஜன் அயனிக்கு ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு, அதை வைத்து மற்றவற்றைப் பிரிக்கிறார்கள். அந்த மதிப்பு மாறினால் எல்லாமே நகரும். குளோரைடு −364 என்றால் கால்சியம் −1613. மூன்றிலும் மொத்தம் அதே −2341தான். இரண்டு அட்டவணையைக் கலந்தால்தான் வம்பு.

பதில் 2:
−83ஐ ஆய்வகத்தில் அளப்பதாக இருந்தால்: 5.55 கிராம் நீரற்ற உப்பு (0.05 மோல்), 100 கிராம் தண்ணீர். சுமார் 10 டிகிரி ஏற வேண்டும். திறந்து வைத்த புட்டி என்றால் உப்பு ஈரத்தை இழுத்திருக்கும், ஏற்றம் குறையும். ஆறு நீர் மூலக்கூறு கொண்ட படிகத்தைப் போட்டால் தண்ணீர் சூடாகாது, குளிர்ந்துவிடும். கால்சியத்தின் விடை சரியாக வந்துவிட்டது என்று மட்டும் அளவீட்டை நம்பாதீங்க: −83க்குப் பதில் −43 அளந்தாலும் −1545 வரும், இரண்டரை சதவீதம்தான் பிசகு.