ஏர்டேபிளில் இருந்து வெளியே போக வேண்டும்: பேஸ்ரோவா, கிரிஸ்டா?

படிப்பகத்து ஆள்:
வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் கணக்கு முழுக்க ஏர்டேபிள் என்ற, இணையத்தில் டேபிள் டேபிளாகத் தரவு வைக்கும் சேவையில் இருக்கிறது. நூல், ஆசிரியர், உறுப்பினர், இரவல் என்று நான்கு டேபிள், ஒன்றோடொன்று லிங்க் செய்தது. இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு (டேபிள்களின் தொகுப்பு) 1,000 ரெக்கார்டு (வரி), அதுவும் நான்கு டேபிளுக்கும் சேர்த்து. இரவல் பதிவு மட்டுமே அதைத் தின்றுவிடும் போலிருக்கிறது. காசு கட்டலாம் என்றால் எடிட் செய்கிற ஒவ்வொரு ஆளுக்கும் மாதாமாதம் டாலர் கணக்கு. இங்கே எல்லாரும் சும்மா வந்து உதவுகிறவர்கள், கமிட்டியில் இதைப் பேசவே முடியாது. எதற்கு மாறலாம்? அட்டைப்படங்களும் உள்ளே கிடக்கின்றன. எனக்கு ப்ரோகிராமிங் தெரியாது, தம்பி ஒருவன் பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறான்.

சர்வர்பித்தன்:
எதற்கு மாறினாலும் சரி, சிஎஸ்வி (வெறும் எழுத்தாக வரும் அட்டவணை ஃபைல்) இறக்கினால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஏர்டேபிள் சிஎஸ்வி தருவது அப்போது திறந்திருக்கிற வியூவைத்தான். ஃபில்டர் போட்டிருந்தால் அந்த வரிகள் வராது, மறைத்து வைத்த நெடுவரிசையும் வராது. லிங்க் நெடுவரிசையில் பெயர் மட்டும் வரும். உறுப்பினரில் மூன்று முருகேசன் இருந்தால் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்பது அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும். அதனால் முதலில் ஒவ்வொரு டேபிளிலும் ரெக்கார்டு ஐடி (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) தரும் ஃபார்முலா நெடுவரிசை ஒன்று போடுங்கள், லிங்க் இருக்கிற இடத்தில் எல்லாம் அதையே லுக்கப்பாக (லிங்க் செய்த டேபிளில் இருந்து மதிப்பை எடுத்துவரும் நெடுவரிசையாக) இழுத்துவிட்டு அப்புறம் இறக்குங்கள். அட்டைப்படத்துக்கு சிஎஸ்வியில் வருவது வெறும் முகவரி, சில மணி நேரத்தில் செத்துப்போகும். சூட்டோடு சூடாகப் படங்களைத் தனியே இறக்கிவிட வேண்டும்.

ஏர்டேபிள் மாதிரியே இருக்கும் பேஸ்ரோ என்றால் இந்தத் தலைவலி குறைவு. பேஸைப் பகிரும் லிங்கைக் கொடுத்தால் டேபிள், தொடர்பு, படம் எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும். ஃபார்முலாவும் ஆட்டோமேஷனும் மட்டும் புதிதாக எழுத வேண்டியவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொந்த சர்வரில் போட்டால் வரிக்கு வரம்பு இல்லை.

கணக்குப்பிள்ளை:
சொந்த சர்வர் என்று சொல்லிவிட்டீர்கள், அதை அப்டேட் செய்வது யார், பேக்கப் எடுப்பது யார்? எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் போட்டுக் கொடுத்த பையன் வேலை கிடைத்து வெளியூர் போனான், பாஸ்வேர்டும் கூடவே போனது. தம்பியை நம்பி இறங்காதீர்கள். பேஸ்ரோ நிறுவனமே நடத்தும் தளத்தில் இலவசம் 3,000 வரி. இதே மாதிரி சேவையான கிரிஸ்டில் ஒரு டாக்குமெண்டுக்கு 5,000. என் ஓட்டு கிரிஸ்டுக்கு, ஏனென்றால் அந்த டாக்குமெண்ட் மொத்தமும் ஒரே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைல். வாரம் ஒருமுறை இறக்கி பென்டிரைவில் போட்டால் பேக்கப் முடிந்தது. ஃபார்முலாவும் பைத்தானிலேயே எழுதலாம், தம்பிக்குக் கை பழகும்.

மலர்க்கொடி:
தமிழ்த் தரவு என்பதால் ஒன்று. சில கீபோர்டில் 'கொ' அடித்தால் துணைக்குறி ஒரே குறியீடாகப் போகும், சிலதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகப் போகும். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் பெயரை வைத்து லிங்க் கட்டும்போது 'கொடுமுடி' இரண்டு ஊராகிவிடும். இது ஓ வரிசைக்கும் ஔ வரிசைக்கும் உண்டு. பைத்தானில் யூனிகோட் நார்மலைஸ் செய்யும் வசதி இருக்கிறது, என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஏற்றச் சொல்லுங்கள், தம்பிக்கு அரைமணி வேலை. இன்னொன்று, நடுவில் எக்ஸெலில் அந்த சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். யூடிஎஃப்-8 (எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) என்று அது புரிந்துகொள்ளாவிட்டால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும், அப்படியே சேவ் செய்துவிட்டால் போச்சு.

பழைய வாசகர்:
நூலகத்துக்கென்றே கோஹா என்ற மென்பொருள் இருக்கிறதே? நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலகத்துக்காக எழுதி 2000 தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. இரவல், கெடு தாண்டிய நினைவூட்டல் எல்லாம் உள்ளேயே உண்டு, இலவசம்.

கணக்குப்பிள்ளை:
நல்லதுதான் ஐயா, ஆனால் அதற்கும் சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

படிப்பகத்து ஆள்:
எல்லாருக்கும் நன்றி. கிரிஸ்டில் முதலில் நூல், ஆசிரியர் இரண்டை மட்டும் ஏற்றிப் பார்க்கிறோம். கொஞ்ச நாள் இரண்டு இடத்திலும் பதிந்து ஓட்டலாமா?

சர்வர்பித்தன்:
கூடாது. ஒரு விடுமுறை நாளாகப் பார்த்து மாற்றுங்கள், அன்றே ஏர்டேபிளில் எல்லாரையும் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது பழைய இடத்திலேயே இரவல் எழுதிக்கொண்டிருப்பார்கள்.